ஆர் சொன்னது?

ஷெஃபீல்டில் நான் ஏறின முதல் பஸ்ஸில் 20 பவுண் தாளை நீட்டினேன். சாரதி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நௌட் ஸ்மோலர், லவ்?" என்றார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. திருப்பிச் சொன்னார். அப்பவும் இல்லை. பின்னுக்கு நின்ற ஒரு வயதான அம்மா தன் பேர்ஸைத் திறந்து எனக்காகச் சில்லறை எண்ணிப் போட்ட பிறகுதான், அவர் கேட்டது சில்லறையை என்று தெரிந்தது. அந்தப் பக்கத்தில் 'நௌட்' என்றால் ஒன்றுமில்லை. 'லவ்' என்றால் தங்கச்சி, பிள்ளை, அக்கா எல்லாம் அதுதான்.

2007 செப்டம்பர் அது. ஆங்கிலம்தான் என் தொழில். கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையில் பிறந்து, இடம்பெயர்ந்து மல்லாவியில் உயர்தரம் எழுதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்து, வவுனியா வளாகத்தில் இரண்டு வருடம் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். கொழும்பில் ஐஈஎல்ரிஎஸ் ஆங்கிலப் பரீட்சை எழுதி 7.5 எடுத்து, பிரயோக மொழியியலில் முதுமாணிப் பட்டத்துக்காக வந்திருந்தேன். அந்த 7.5 ஐ வைத்துக்கொண்டு பஸ் சாரதியின் மூன்று சொல்லைக் கடக்க முடியவில்லை. அன்றிரவு ஒரு கொப்பி எடுத்து, கேட்டதையெல்லாம் எழுதத் தொடங்கினேன். கடைக்காரப் பெண் "ஒன்பது வைல் ஐந்து திறந்திருக்கும்" என்றாள். நாங்கள் படித்த ஆங்கிலத்தில் 'வைல்' என்பது ஒன்று நடக்கும் வேளையைக் குறிப்பது. யோக்ஷயர்காரருக்கு அது 'வரை'. இப்படி இரண்டு மாதத்தில் ஒரு கொப்பி முடிந்தது. பாடப்புத்தகத்தில் இல்லாத ஆங்கிலத்தை அந்த ஊர்ச் சனம்தான் எனக்குப் படிப்பித்தது. அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வீட்டு விஷயங்கள் சீக்கிரமே சரிவந்தன. பாகிஸ்தான்காரரின் கடையில் அரிசி கிடைத்தது, வவுனியாவில் இருந்து கொண்டுவந்த வறுத்த மிளகாய்த்தூள் மார்கழி வரை காணும் என்று நினைத்தேன், கண்டது. குளிர் பழகிவிட்டது. பழகாதது மலை. ஷெஃபீல்ட் முழுக்க ஏற்றமும் இறக்கமும். கண்ணுக்கெட்டின தூரம் வயலும் வரம்புமாகக் கிடந்த மண்ணில் வளர்ந்த கால் அது, ஒவ்வொரு நாளும் உளைந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரமம் இருக்கவில்லை: ஆங்கிலத்தின் 'ரீ' (T) எழுத்துக்குரிய ஒலி. நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள முரசில் தொட்டு விடும்போது பிறக்கும் ஒலி அது. நாங்கள் காற்று, சேற்று நிலம் என்று சொல்லும்போது 'ற்ற' பிறப்பதும் அதே இடத்தில்தான். அதனால்தான் ஈழத்தில் ரீச்சர், ரோச், பற்றரி, ரிக்கற் என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டு நண்பர்கள் டீச்சர், டார்ச், பேட்டரி, டிக்கெட் என்று எழுதுவார்கள். எங்கள் எழுத்தைப் பிழை என்று சொன்னவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். பிழை இல்லை, எங்கள் காது கேட்டபடி எழுதியிருக்கிறோம். ஒலியியல் வகுப்பில் வாயின் குறுக்குவெட்டுப் படத்தைத் திரையில் கண்டபோது, "சேற்றுக்குள்ள இறங்காத பிள்ளை" என்று ஐயா வரம்பில் நின்று கூப்பிடுவதுதான் எனக்குக் கேட்டது.

அதே வருடம் இன்னொரு வகுப்பில் ரொபேட் கப்லான் என்ற அமெரிக்க மொழியியலாளரின் படங்களைக் காட்டினார்கள். 1966 இல் அவர் வரைந்தவை. ஆங்கிலேயர் கட்டுரை எழுதினால் நேர்கோடாம், கீழைத்தேயத்தவர் எழுதினால் சுற்றிச் சுற்றி உள்ளே போகும் சுருளாம். என்னால் ஏற்க முடியவில்லை. ஐயா கலியாணப் பேச்சுக்கால் என்றால் உலகமெல்லாம் வளைத்துத்தான் விஷயத்துக்கு வருவார். அதே ஐயா இரணைமடுக் குளத்துத் தண்ணீர்ப் பங்கீட்டுக் கூட்டத்தில் எழும்பினால், எத்தனை ஏக்கர், எந்த வாய்க்கால், எத்தனை நாள் என்று மூன்றே வசனத்தில் முடித்துவிட்டு இருந்துவிடுவார். கோட்டின் வடிவத்தைத் தீர்மானிப்பது பேசும் மொழியில்லை. ஆருக்கு, எதற்காகப் பேசுகிறோம் என்பதுதான். இதை வகுப்பில் கை உயர்த்திச் சொன்னேன். வந்து ஒரு மாதத்தில் நான் வாய் திறந்த முதல் நாள் அது.

பிறகு நூலகத்தில் சுரேஷ் கனகராஜாவின் எழுத்தைத் தேடிப் படித்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சண்டைக் காலத்தில் ஆங்கிலம் படிப்பித்துவிட்டு அமெரிக்கா போனவர். காகிதமும் மின்சாரமும் இல்லாத இடத்தில் இருந்து ஆய்வுக் கட்டுரை எழுதி வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்புவது என்றால் என்ன என்று 2002 இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியவர். மல்லாவியில் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பழைய கொப்பியின் ஓரங்களில் குறிப்பு எழுதிப் படித்த எனக்கு, அதெல்லாம் ஒரு ஆராய்ச்சிப் பொருளாக அச்சில் இருக்கக் கண்டது பெரிய ஆறுதல். எங்கள் துறைக்குள் எங்கள் ஆள் ஒருவர் ஏற்கெனவே வழி வெட்டி வைத்திருந்தார்.

படிப்பு முடிந்து வேலை தேடினேன். கிடைத்தது மணித்தியாலக் கணக்குக்குச் சம்பளம் தரும் வேலை. கோடைகாலத்தில் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பட்டப்படிப்புத் தொடங்க முன்னம் ஆங்கில வகுப்பு நடத்தும். ஆனியில் கூப்பிடுவார்கள், புரட்டாதியில் விட்டுவிடுவார்கள். முதல் இடத்தில் நேர்முகத் தேர்வு செய்தவர், "மாணவர்கள் காசு கட்டி வருவது இங்கத்தைய ஆங்கிலத்துக்கு" என்று முகத்துக்கு நேரே சொன்னார். நான் பதில் சொல்லாமல் வெளியே வந்தேன். இன்னொரு இடத்தில் எடுத்தார்கள். அங்கேதான் உண்மையில் தொழில் பழகினேன். கல்விசார் எழுத்தில் அடிக்கடி வரும் சொற்களைத் திரட்டி அவெரில் கொக்ஸ்ஹெட் 2000 இல் வெளியிட்ட 570 சொற்குடும்பங்களின் பட்டியல், ஆய்வுக் கட்டுரையின் முன்னுரை எந்தெந்த நகர்வுகளால் ஆனது என்று ஜோன் ஸ்வேல்ஸ் பிரித்துக் காட்டிய முறை, இவைதான் எங்களுக்குக் கலப்பையும் மண்வெட்டியும். ஒரு துறைக்குள் முதலில் களத்தைக் காட்டு, பிறகு அதில் இருக்கும் இடைவெளியைக் காட்டு, பிறகு அந்த இடைவெளிக்குள் உன் ஆய்வை வை. காடு வெட்டிக் காணி எடுத்த சனத்தின் பிள்ளைக்கு இதை விளங்கிக்கொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை.

மாணவர்கள் திணறியது வேறு இடத்தில். எல்லாரும் "எல்லோருக்கும் தெரியும்" என்றும் "சந்தேகமே இல்லை" என்றும் எழுதிக்கொண்டு வந்தார்கள். கல்விசார் ஆங்கிலம் அப்படி எழுத விடாது. இருக்கலாம், போலத் தெரிகிறது, இன்னார் சொல்கிறார் என்று ஒவ்வொரு கூற்றுக்கும் எவ்வளவு நிச்சயம், ஆருடைய பொறுப்பு என்று காட்டவேண்டும். கென் ஹைலண்ட் என்ற அறிஞர் இதைப்பற்றியே விரிவாக எழுதியிருக்கிறார். மற்ற ஆசிரியர்கள் இதை ஒரு பண்பாட்டு மரியாதை போலப் படிப்பித்தார்கள். நான் அப்படிப் படிப்பிக்கவில்லை. எனக்கு இது எங்கே இருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

1996 ஆடி. முரசுமோட்டை. பொருளாதாரத் தடையால் பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடியள் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். அது சொல்வதும் பாதிதான். மிச்சச் செய்தி வாய்வழி.

"ஆனையிறவால ஆமி வெளிக்கிட்டிட்டானாம்."

அம்மா அடுப்படியில் இருந்தே கேட்பா. "ஆர் சொன்னது?"

"சந்தையில கதைச்சினம்."

"கதைச்சவை கண்டவையோ?"

'ஆம்' என்ற அந்த ஒரு விகுதியை வைத்துத்தான் நாங்கள் சீவித்தோம். வந்திட்டானாம், வெளிக்கிட்டானாம், செல் விழுந்ததாம். கேட்டதுக்கு ஒரு ஆம், கேட்டவரிடம் கேட்டதுக்கும் ஆம். அதை நம்பிப் பெட்டி கட்டினால், விளைந்த பயிரை விட்டுவிட்டு ஓடவேண்டும். நம்பாமல் இருந்தால் உயிர் போகும். ஒரு பின்னேரம் ஐயா சைக்கிளை வேலியில் சாத்தக்கூட இல்லை, போட்டுவிட்டு வந்தார். "பரந்தனுக்குக் கிட்ட வந்திட்டான். நான் கண்டனான்." விகுதி இல்லை. அம்மா சோற்றுப் பானையை இறக்கினா. அன்றிரவே அக்கராயன் பக்கம் நடக்கத் தொடங்கினோம்.

இதை வகுப்பில் சொல்ல எனக்குப் பல வருடம் எடுத்தது. அதற்கு முன்னம் 2009 வந்தது.

அந்தத் தை, மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் நான் ஷெஃபீல்டில் காலமை வகுப்பு எடுத்தேன், இரவில் ரெலிபோனோடு இருந்தேன். ஐயாவும் அம்மாவும் அக்கா குடும்பமும் சனத்தோடு சனமாகத் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று கிழக்கே போய்க்கொண்டிருந்தார்கள். கிளிநொச்சி ஜனவரி 2 இலேயே விழுந்துவிட்டது. லண்டனில் ஒருவருக்கு வந்த செய்தி பாரிஸில் ஒருவருக்குப் போய் எனக்கு வரும். "மாத்தளனில கண்டவையாம்." "அம்மாவுக்குக் காயமாம்." "இல்லையாம், அது வேற ஆளாம்." ஒவ்வொருவரிடமும் நான் அம்மாவின் கேள்வியைத்தான் கேட்டேன். ஆர் சொன்னது, கண்டதோ கேட்டதோ. சிலருக்குக் கோபம் வந்தது. நல்ல செய்தி சொன்னாலும் விசாரிக்கிறாள் என்றார்கள். எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

வைகாசி கடைசியில் செட்டிகுளம் முகாமில் இருந்து ஒரு அழைப்பு. ஆரோ ஒருவரின் கைத்தொலைபேசி. "நான்தான் பிள்ளை. இருக்கிறம்." ஐயாவின் குரல். பிறகு, "அம்மா இல்லை. நான்தான் தாட்டனான்."

அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்கவில்லை.

அம்மாவின் கேள்வியை வகுப்புக்குள் முதன்முதல் கொண்டுபோனது 2013 கோடையில். மேற்கோள் காட்டுவது எப்படி என்று படிப்பித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி "இதெல்லாம் ஆங்கிலேயரின் சம்பிரதாயம்" என்றாள். நான் பலகையில் 'வந்தான்', 'வந்தானாம்' என்று தமிழில் எழுதி, இரண்டுக்கும் இடையில் என்ன வித்தியாசம் என்று சொன்னேன். துருக்கியில் இருந்து வந்த பொறியியல் மாணவன் ஒருவன் கதிரையில் நிமிர்ந்தான். "எங்களுக்கும் இருக்கிறது. கெல்தி என்றால் வந்தான், நான் கண்டேன். கெல்மிஷ் என்றால் வந்தானாம்." எழும்பி வந்து பக்கத்தில் அதையும் எழுதினான். உங்கள் அம்மாமார் இதை வீட்டில் எப்படிக் கேட்பார்கள் என்று எல்லாரிடமும் கேட்டேன். அரபு பேசுகிற பிள்ளை சொன்னாள், சீனப் பிள்ளை சொன்னான். ஒரு மணித்தியாலம் போனது தெரியவில்லை. ஆங்கிலத்தில் அந்த விகுதி இல்லை. அந்த வேலையை அது வினைச்சொல்லையும் அடைப்புக்குறிக்குள் பேரையும் வருடத்தையும் வைத்துச் செய்கிறது, அவ்வளவுதான். அந்த வருடம் எனக்கு நிரந்தர வேலை தந்தார்கள். அன்றைய பாடத்தை இன்றுவரை மாற்றாமல் எடுக்கிறேன்.

2019 ஆவணியில் ஊருக்குப் போனேன். அக்காவின் மகள், என் பெறாமகள், கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். முதல் வருடம் விரிவுரை விளங்காமல் விடுதியில் இருந்து அழுததாக அக்கா சொன்னா. இப்போது 2018 டிசம்பர் வெள்ளத்தைப்பற்றி ஒரு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். இரணைமடு வான்கதவுகள் திறந்து, முரசுமோட்டையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த வெள்ளம்.

"சின்னம்மா, எங்கட வளவில எவ்வளவு தண்ணி நிண்டது எண்டு அம்மப்பா சொல்லுறார். அவற்ற பேரைக் கடைசிப் பட்டியலில போடலாமோ?"

அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது ஏபிஏ (APA) என்ற மேற்கோள் முறை. அதன்படி நேரில் கேட்டறிந்ததை வசனத்துக்குள்ளே மட்டும், தனிப்பட்ட தொடர்பாடல் என்று திகதியோடு போடலாம். கடைசிப் பட்டியலில் வராது. வாசிப்பவர் தேடி எடுத்துப் பார்க்க முடியாதது என்பது காரணம். இதை நான் நூறு தடவை படிப்பித்திருக்கிறேன். அன்றைக்கு என் வளவில் இருந்து சொல்லும்போது நாக்கில் கசந்தது. அந்த வயலை ஐம்பது வருடம் உழுதவரைத் தேடி எடுக்க முடியாதாம். விதி விதிதான், அவளுக்குப் புள்ளி குறையக்கூடாது. ஆனால் என் வகுப்பில் இனி இந்த விதியைச் சொல்லும்போது, அது ஆரை வெளியில் நிறுத்துகிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும் என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

அவள் வசனத்துக்குள் பேரையும் திகதியையும் போட்டாள். ஐயா முற்றத்தில் கதிரையில் இருந்தார். "என்ர பேர் வந்திட்டுதோ? என்ன எழுதியிருக்கு?"

"வேலிக் கதியாலில பாதிக்கு மேல தண்ணி நிண்டதெண்டு நீங்கள் சொன்னதா எழுதியிருக்கு அம்மப்பா."

ஐயா பேசாமல் இருந்தார். பிறகு கதிரையின் கையைப் பிடித்து எழும்பி, வேலியடிக்கு நடந்து போய், கிளுவங்கதியால் ஒன்றில் கையை வைத்தார். நெஞ்சளவுக்கு. சேற்றுக் கறை இன்னும் மங்கலாக இருந்தது.

"சொன்னது எண்டு ஏன் போடுறாய்? ஆரோ சொல்லக் கேட்டுச் சொன்னன் எண்டெல்லோ வாசிக்கிறவன் நினைப்பான். நான் கண்டனான். கண்டது எண்டு போடு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அந்த வினைச்சொல்லை அழித்தாள். பிறகு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு ஐயாவின் கை இருந்த இடத்துக்குப் போனாள்.