கை தூக்கும்போது மனசு எங்கே இருக்க வேண்டும்?

தோள்பட்டை வலிக்கு பிசியோதெரபி போய் வந்தவர்களிடம் விசாரித்தால் எந்தப் பயிற்சி, எத்தனை தடவை, எந்த நிற ரப்பர் என்பதெல்லாம் சொல்வார்கள். கவனத்தை எங்கே வைத்துக்கொண்டு செய்தார்கள் என்பது பேச்சில் வருவதே அபூர்வம். என் கை தேறியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்று நம்புகிறேன். அதனால் அதைப் பற்றியே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

திருச்சியில் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு நடத்துகிறேன். வயது 52. கரும்பலகையின் மேல் விளிம்பில் தொடங்கிக் கீழே வரை எழுதி நிரப்பிப் பழகிய கை. வலி முதலில் ராத்திரியில்தான் தெரிந்தது. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் கலைந்துவிடும். அப்புறம் தலை பின்னும்போது, கொடியில் துணி போடும்போது, கடைசியில் வகுப்பிலும் வந்துவிட்டது. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் ஏறத்தாழ 60 டிகிரி வரை ஒன்றும் தெரியாது. அங்கிருந்து 120 டிகிரி வரை சுரீரென்று பிடிக்கும். அதைத் தாண்டிவிட்டால் விட்டுவிடும். டாக்டரிடம் இதைச் சொன்னதும், இந்த மாதிரி ஜவ்வுப் பிரச்சினையில் வலி வருவது வழக்கமாக அந்த இடைவெளியில்தான் என்றார்.

எம்.ஆர்.ஐ அறிக்கையில் சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற தோள் தசையின் நாணில் (தசையை எலும்போடு இணைக்கும் பட்டை) தேய்மானம், பாதிக் கிழிவு என்று இருந்தது. 'ஜவ்வு கிழிஞ்சிருக்காம்' என்று தெருவில் பரவியதும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எலும்பு டாக்டர் பதறவில்லை. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், குறைந்தது 12 வாரம் பயிற்சி செய்துவிட்டு வாருங்கள் என்று பிசியோவிடம் அனுப்பினார். வலியே இல்லாத 96 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1995இல் வந்திருக்கிறது. அவர்களில் 34 சதவீதம் பேருக்குக் கிழிவு இருந்தது, 60 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கும் மேல். அறிக்கையைப் படித்து அரண்டுபோயிருக்கும் யாரும் இந்த எண்களைத் தெரிந்துகொள்வது நல்லது. கிழிவு இருந்தும் கை நன்றாக இயங்க முடியும். வலியும் கிழிவின் அளவும் ஒன்றுக்கொன்று கணக்காகப் பொருந்துவதில்லை.

பிசியோ என் பழைய மாணவிகளின் வயதுடைய பெண். முதல் நாள் கண்ணாடி முன்னால் நிற்கவைத்தார். "டீச்சர், தோள்பட்டை எலும்பைப் பின்னாடி இழுத்து, கீழ இறக்கி, அப்படியே பிடிச்சுக்கிட்டுக் கையைத் தூக்குங்க." சொன்னபடி செய்யப் பார்த்தேன். கழுத்து இறுகியது, மூச்சு நின்றது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தோள் இறங்குவதற்குப் பதில் காதை நோக்கி ஏறியது. கை தோள் உயரத்துக்கு வருவதற்குள் வலி பிடித்துக்கொண்டது.

அவர் என்னைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். சாக்பீஸால் என் நெற்றிக்குக் கொஞ்சம் மேலே ஒரு கோடு போட்டார். சின்னத் துண்டு ஒன்றை மடித்து உள்ளங்கைக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தார். "தோளைப் பத்தி நினைக்காதீங்க. இந்தத் துண்டைச் சுவர்ல தேய்ச்சுக்கிட்டே அந்தக் கோடு வரைக்கும் கொண்டுபோங்க. துண்டு நழுவாம இருந்தாப் போதும்." துண்டு மெதுவாக ஏறியது. வலி இல்லாமல் இல்லை, ஆனால் பிடுங்கலாக இல்லாமல் இழுப்பாக இருந்தது. கோட்டைத் தொட்டதும் கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். தோள் தன் இடத்திலேயே இருந்தது. மூச்சும் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டும் ஒரே கைதானேம்மா, எப்படி?" என்று கேட்டேன்.

அவர் சொன்னதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். தோள்மூட்டில் பந்து பெரியது, அது உட்காரும் குழி ஆழமில்லாதது. சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டீரிஸ் மைனர், சப்ஸ்கேபுலாரிஸ் என்ற நான்கு தசைகளின் நாண்கள் சேர்ந்துதான் அந்தப் பந்தைக் குழியின் நடுவில் பிடித்து வைக்கின்றன. மேலே இருக்கும் பெரிய டெல்டாய்டு தசை கையைத் தூக்கும்போது பந்தும் மேலே நகராமல் காப்பது இவைதான். எந்தத் தசை எப்போது எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை மூளை நம்மைக் கேட்காமலே பார்த்துக்கொள்கிறது. நாம் இடையில் புகுந்து 'நீ இறங்கு, நீ இழு' என்று ஆணையிட்டால், தேவைக்கு மேல் தசைகள் இறுகிக்கொண்டு அசைவு கெட்டியாகிவிடுகிறது.

இதை முறையாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியில் பிறந்த காப்ரியேலே வுல்ஃப். பாய்மரப் பலகையில் நீர்ச்சறுக்கு பழகும்போது, தன் காலை நினைப்பதைவிடப் பலகை சாய்வதை நினைத்தால் திரும்புவது எளிதாக இருக்கிறது என்று கவனித்திருக்கிறார். 1998இல் சக ஆய்வாளர்களோடு பனிச்சறுக்குப் பயிற்சி எந்திரத்தில் அதைச் சோதித்தார். காலைக் கவனிக்கச் சொன்னவர்களைவிட, காலுக்கு அடியில் உள்ள சக்கரங்களை அழுத்துவதைக் கவனிக்கச் சொன்னவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். கவனம் உடம்புக்கு உள்ளே இருப்பது ஒன்று, அசைவு வெளியே உண்டாக்கும் விளைவின்மேல் இருப்பது மற்றொன்று. கூடைப்பந்து எறிவது, உடல் சமநிலை, எடை தூக்குவது என்று பலவற்றில் இது சோதிக்கப்பட்டிருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை உடம்பில் கோளாறு இல்லாதவர்களிடம் செய்தவை. வலியுள்ள தோளுக்கு அப்படியே பெயர்த்து வைத்துவிடக் கூடாது என்று பிசியோவே எச்சரித்தார். எனக்கு எது ஒத்துவருகிறது என்று என் கையை வைத்துத்தான் முடிவு செய்தோம்.

அதற்குப் பிறகு பயிற்சிகள் மாறவில்லை, சொல்லும் விதம் மாறியது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பரை வெளிப்பக்கம் இழுப்பது ஒன்று. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, "துண்டு கீழ விழக் கூடாது, அவ்வளவுதான்" என்பார். இழுத்த பிறகு கை திரும்பி வருவதில் அவர் கறாராக இருந்தார். தசைநாணுக்குச் சுமை பழகுவதில் அந்த மெதுவான திரும்புதலுக்கும் வேலை உண்டு. "மெதுவா விடுங்க" என்று சொன்னால் இரண்டாவது தடவையே வேகம் கூடிவிடும். "ரப்பர் ஜன்னலுக்கு ஓடப் பார்க்குது, ஓடவிடாதீங்க" என்றதும் கை தானாக நிதானப்பட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர் பாட்டில். ஒரு லிட்டர் பாட்டிலில் பாதி மட்டும் தண்ணீர். கையை நேர் முன்னால் நீட்டாமலும் முழுக்கப் பக்கவாட்டில் கொண்டுபோகாமலும் நடுவாக்கில், பக்கவாட்டிலிருந்து ஏறத்தாழ 30 டிகிரி முன்னால் தள்ளி, கட்டைவிரல் மேலே பார்க்கத் தூக்க வேண்டும். கவனம் முழுக்கத் தண்ணீரின் மேல். குலுங்கக் கூடாது. 60 டிகிரியைத் தாண்டும் இடத்தில்தான் நான் வழக்கமாக வெடுக்கென்று கையை உதறித் தூக்கிவிடுவேன். தண்ணீர் அங்கே சலசலத்துக் காட்டிக்கொடுக்கும். அந்தச் சலசலப்பு அடங்க அடங்க வலியும் மட்டுப்பட்டது. பாட்டில் முழுதாக நிரம்பிவிட்டால் இந்தக் குறிப்பு கிடைக்காது என்பதால், எடை கூட்ட வேண்டி வந்தபோது பெரிய பாட்டிலில் பாதி ஊற்றிக்கொண்டேன்.

உள்ளே கவனம் வைப்பது எப்போதும் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஒருக்களித்துப் படுத்து முன்கையை மேலே திருப்பும் பயிற்சியில் மட்டும், இடது கையைத் தோளுக்குப் பின்னால் வைத்து எந்தச் சதை இறுகுகிறது என்று தொட்டுப் பார்க்கச் சொன்னார். சும்மா கிடந்த ஒரு தசையை அடையாளம் தெரிந்துகொள்ள அது உதவியது. தசையை மனதில் வைத்துச் செய்யும்போது அதன் மின் செயல்பாடு அதிகமாகப் பதிவாகிறது என்று சோதனைகள் காட்டுகின்றன. அந்தச் சதைக்கு மட்டும் வேலை கொடுக்க நினைத்தால் அது பொருந்தலாம். கை முழுவதும் சேர்ந்து ஒரு காரியம் செய்ய வேண்டிய இடத்தில் அது செலவு.

வலியைக் கவனிப்பதற்கும் ஒரு முறை சொன்னார். ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் 'வலிக்குதா, வலிக்குதா' என்று உள்ளே கேட்டுக்கொண்டிருந்தால் கவனம் தோளுக்கே திரும்பிவிடும். அதனால் பத்துத் தடவை முடிந்த பிறகுதான் எண் சொல்ல வேண்டும், பத்துக்கு எத்தனை என்று. மூன்று, நான்கு வரை பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சுமை சரி. வரவில்லையென்றால் ரப்பரை ஒரு நிறம் குறைக்க வேண்டும் (நிறத்துக்கு ஏற்ப ரப்பரின் இறுக்கம் மாறும்), பயிற்சியை விட்டுவிடக் கூடாது. எங்கள் வீட்டுக்காரர் கூட உட்கார்ந்து எண்ணுவார். நடுவில் "வலிக்குதாம்மா?" என்று கேட்காமல் இருக்க அவருக்கும் பழக்க வேண்டியிருந்தது. அக்கறையில் கேட்பதுதான், இருந்தாலும் அந்தக் கேள்வி வந்த நிமிஷமே தோள் ஏறிவிடும்.

சீரியல் பார்த்துக்கொண்டே செய்யலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். கவனத்தைத் தோளிலிருந்து எடுத்துச் சுவர்க்கோட்டில் வைப்பதும், கவனமே இல்லாமல் செய்வதும் வேறு வேறு. நினைப்பு கதைக்குள் போய்விட்டால் ரப்பர் வெடுக்கென்று திரும்பும், துண்டு விழும், எண்ணிக்கை மட்டும் நிறைவேறும்.

கீழே விழுந்ததும் கை தூக்க முடியாமல் போனவர்கள், கை மரத்துப்போகிறவர்கள், ஓய்விலும் விடாத வலியோடு காய்ச்சல் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுச் சுவரில் கோடு போட்டுக்கொள்ள வேண்டாம். உடனே டாக்டரைப் பாருங்கள்.

கோடு இப்போது நான் எட்டித் தொடும் உயரத்துக்குப் போய்விட்டது. மஞ்சள் ரப்பரில் தொடங்கி, சிவப்பைத் தாண்டிப் பச்சைக்கு வந்திருக்கிறேன். ராத்திரி வலது பக்கம் படுக்க முடிகிறது, பலகையின் மேல் வரியிலும் எழுத முடிகிறது. மூன்று பீரியட் தொடர்ந்து எழுதினால் சாயங்காலம் தோள் கனக்கும். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவது இன்னும் சரிவரவில்லை. அதற்கு, குளித்த பிறகு துண்டின் இரண்டு முனைகளையும் பிடித்து முதுகு துடைக்கிற மாதிரி மேலும் கீழும் இழுக்கச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு உயரம் கை போகிறது என்று பார்க்க வேண்டாமாம், முதுகு ஈரம் போனதா என்று மட்டும் பார்த்தால் போதுமாம்.