காஷ்கர், 1937

மகளின் பள்ளி அட்லஸில் லடாக்கைத் தேடும்போது, காரகோரம் மலைக்கு அந்தப் பக்கம், சீனாவின் சின்ஜியாங்கில் உள்ள காஷ்கர் என்ற ஊர்ப் பெயரில் கண் நின்றுவிட்டது.

இரண்டுக்கும் நடுவே விரல் அகலம்கூட இல்லை.

1937 ஏப்ரலில், சின்ஜியாங்கின் துருக்கிய முஸ்லிம் இனமான உய்குர்களின் படைத்தலைவர் மஹ்முத் முஹிதி உயிர் தப்பி அந்த மலைகளைத் தாண்டித்தான் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வந்தார். அவர் போனதும் அவருடைய படை கிளர்ந்தெழுந்தது. சின்ஜியாங்கை ஆண்டுகொண்டிருந்த ஷெங் ஷிசாய் மாஸ்கோவின் தயவில் நின்றவர், அவர் கீழே மதத்துக்கும் மதிப்பில்லை, மண்ணின் மக்களுக்கும் மதிப்பில்லை என்ற கோபம் அதில் இருந்தது. வீரர்கள் காஷ்கரைப் பிடித்தார்கள். தெற்கே கோத்தான் நகரிலிருந்து மா ஹூஷானின் சீன முஸ்லிம் படையும் சேர்ந்துகொண்டது.

அப்புறம் ஷெங்குக்குத் துணையாக சோவியத் விமானங்கள் வந்தன. இலையுதிர் காலத்துக்குள் எல்லாம் முடிந்தது, மா ஹூஷானும் இந்தியாவுக்கே ஓடிவந்தார்.

எனக்கு மனசு ஆறாதது கோஜா நியாஸ் விஷயத்தில்தான். 1933இல் காஷ்கரில் அமைந்த குடியரசின் தலைவராக இருந்தவர், பிறகு ஷெங்கை நம்பி அவருடைய சின்ஜியாங் அரசிலேயே துணைப் பொறுப்பு ஏற்றார். அவரையும் கைது செய்து கொன்றார்கள்.

இத்தனை பேரைக் கொன்ற ஷெங்குக்கு 1944இல் என்ன கிடைத்தது தெரியுமா? சீன தேசியவாத அரசில் விவசாய, வனத்துறை அமைச்சர் பதவி.