ஸ்போக்கில் செய்த சரிவு ஊசி: ஒருவழியாக 6 டிகிரி

கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு காந்தச் சரிவு, அதாவது புவிக்காந்தப் புலம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு கீழே சாய்கிறது என்ற கோணம், அளக்க முடியாது என்றவர்கள் இப்போது வரலாம். ஊசி 6 டிகிரி காட்டிவிட்டது.

வடக்கு காட்டுவதெல்லாம் எளிது. மேல்-கீழ்தான் இங்கே தகராறு. லண்டனில் ஊசியின் வடமுனை 66 டிகிரி அளவுக்குத் தலைகுப்புற இறங்கும். ஊசியின் எடைச் சமனில் சின்னக் குறை இருந்தாலும் பெரிதாகத் தெரியாது. டெல்டாவில் புவிக்காந்தப் புலம் கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கிறது. 40 மைக்ரோடெஸ்லா (காந்தப் புல அலகு) சொச்சத்தில் கீழே இழுப்பது நான்கு போலத்தான். ஒரு முனையில் பொடி ஈயம் கூடினாலும் அளப்பது அந்த ஈயத்தின் எடையைத்தான். ஐரோப்பாவுக்காகச் செய்த காம்பஸை ஆன்லைனில் வாங்கினால் தென்முனை தொங்குவதும் இதனால்தான். அங்கே வடமுனை தாழாமல் இருக்கத் தெற்கில் எடை வைத்துவிடுகிறார்கள்.

ஊசி, பழைய சைக்கிள் ஸ்போக்கின் நடுத்துண்டு. அச்சு, பித்தளைக் குண்டூசி. தாங்க இரண்டு கண்ணாடிச் சில்லுகள். ஷேவிங் பிளேடு வழவழப்பாக இருக்கும், ஆனால் அதுவும் காந்தத்துக்கு இழுபடும், வேண்டாம். பித்தளைத் துண்டுக்கு நாச்சியார்கோயில் போனால் குத்துவிளக்குப் பட்டறைகளில் கழிவு கிடைக்கும். எடை போட்டுத் தருவார்கள், பேரம் பேசலாம்.

இனிதான் உயிரை எடுத்த வேலை. காந்தமேற்றும் முன் எவ்வளவு அரம் போட்டாலும் முழுச் சமன் வராது. 1581-இல் சரிவைப் பற்றி எழுதிய ஆங்கிலேயக் கருவி வினைஞர் ராபர்ட் நார்மன், தாழ்ந்த முனையை வெட்டி வெட்டியே ஓர் ஊசியைக் கெடுத்தார். வெட்டத் தேவையில்லை, முனைகளை மாற்றினால் போதும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தால் நடுவிலிருந்து முனைக்குத் தேய்த்து முதல் அளவு: வடமுனை 13 டிகிரி கீழே. பிறகு அதே எண்ணிக்கையில் எதிர்த்துருவத்தால் தேய்த்து, வடமுனையைத் தென்முனையாக்கி மறுபடி வைத்தேன். இப்போது வடமுனை 1 டிகிரி மேலே! எடை கூடிய முனை முதலில் சரிவோடு சேர்ந்து இறங்கியது, பிறகு எதிர்த்து நின்றது. இரண்டின் (13, −1) சராசரி 6. தேய்ப்பு இரண்டு முறையும் ஒரே பலத்தில் இருக்க வேண்டும், இல்லையேல் சராசரிக்கு அர்த்தமில்லை.

ஊசியைத் தாங்கும் சட்டத்தை வடக்கு-தெற்காக வைக்க இன்னொரு காம்பஸ் தேவையில்லை. ஊசி செங்குத்தாக நிற்கும்வரை சட்டத்தைத் திருப்புங்கள், அது கிழக்கு-மேற்கு. அங்கிருந்து 90 டிகிரி. இது நான் எதிர்பார்த்ததைவிட அழகாக வேலை செய்கிறது.

அடுத்து இதைத் தூக்கிக்கொண்டு தெற்கே போக ஆசை. காந்த நடுக்கோடு (சரிவே இல்லாத, புலம் கிடைமட்டமாக இருக்கும் கோடு) பக்கத்தில் ஓடுகிறது என்றுதான் 1963-இல் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் தளம் போட்டார்கள்; திருநெல்வேலி தாண்டினால் ஊசி படுத்தே விடும். அதற்குள் கண்ணாடிப் பெட்டி செய்தாக வேண்டும். ஃபேன் ஓடினால் ஊசி ஆடுகிறது, ஃபேனை நிறுத்தினால் வீட்டில் சண்டை. மெல்லிய கண்ணாடியை நேராக வெட்டிக் கொடுக்கும் கடை கும்பகோணத்தில் தெரிந்தால் சொல்லுங்கள். படச்சட்டக் கடைக்காரர் சின்ன வேலை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.