தேவாங்குக்கு ஒரு விண்ணப்பம்

ஜூலை 6

இயற்கைப் பாதுகாப்பு வேலைகளுக்குப் பணம் தரும் வெளிநாட்டு அமைப்பான ரஃபோர்ட் அறக்கட்டளையின் சிறுநிதிக்கு எழுத உட்கார்ந்தேன். பட்டம் வாங்க அவர்கள் காசு தருவதில்லை. பெரும்பகுதி களத்தில் செலவாக வேண்டும். அதனால் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த முன்மொழிவை அப்படியே ஒட்ட முடியாது. ஆய்வு முடிந்தால் தேவாங்குக்கு என்ன லாபம் என்று எழுத வேண்டும்.

கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022 அக்டோபரில் வந்தது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர். நாட்டிலேயே தேவாங்குக்கென்று அதுதான் முதல் சரணாலயம். ஆனால் அதற்கு வெளியே தோட்டத்து வேலிகளிலும் தேவாங்கு இருக்கிறது. அது ராத்திரியில்தான் நடமாடும். குரங்கு மாதிரி தாவாது, கிளை விட்டுக் கிளை பிடித்துத்தான் நகரும். வேலியில் நாலு மரம் வெட்டினால் தரையில் இறங்கியே ஆக வேண்டும். அங்கே நாயும் லாரியும். எந்த இடைவெளியில் இறங்குகிறது, அங்கே என்ன நடலாம்? இதுதான் என் கேள்வி.

ஜூலை 9

தலைப்பில் இருந்த ‘தமிழ்நாட்டில்’ என்பதை வழிகாட்டி மேடம் அடித்துவிட்டார். “தமிழ்நாடு முழுக்க நீ நடப்பியாம்மா?” இப்போது மூன்று ஊர்.

ஜூலை 14

இன்று முழுக்க பட்ஜெட். சீனியர் ஒருவர், கூலியைக் குறைத்துவிட்டு தெர்மல் கேமரா போடு, நிதி கொடுப்பவர்களுக்குக் கருவிதான் பிடிக்கும் என்றார். எனக்கு ஒப்பவில்லை. ராத்திரி நடை என்றால் நெற்றி விளக்கில் சிவப்புத் தாள் ஒட்டி, வேலியோரம் அடிமேல் அடி வைத்து, உடைமரத்துக்குள் இரண்டு கண்கள் கங்கு போல மின்னுகிறதா என்று பார்ப்பது. எந்தத் தோட்டத்துக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை, யார் வீட்டு நாய் அவிழ்த்து விட்டிருக்கும் என்பதெல்லாம் கூட வரும் அண்ணனுக்குத்தான் தெரியும். கேமராவுக்குத் தெரியாது. ராத்திரிக் கூலி, விபத்துக் காப்பீடு இரண்டையும் தனி வரியாகவே போட்டேன்.

கருவிகளுக்கு ஐடியா வைல்ட் என்ற அமைப்பு இருக்கிறது. பணமாகத் தராமல் பொருளாகவே தருவார்கள். நெற்றி விளக்கு, பைனாகுலர், ஜிபிஎஸ் அங்கே கேட்கலாம். அழியும் உயிரினங்களைக் காக்கும் வேலைக்கான முகமது பின் சயீத் நிதி 25,000 டாலர் வரை தரும். முதல் தரவு கையில் வந்த பிறகு பார்க்கலாம்.

ஜூலை 22

அனுமதி நாள். தேவாங்கு 1972 வனஉயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிக்கப் போவதில்லை, நடமாட்டத்தைக் கண்காணிக்கும் ரேடியோ காலர் மாட்டப் போவதில்லை என்பதை முதல் பத்தியிலேயே எழுதினேன். பிடிப்பதென்றால் அதற்குத் தனி அனுமதி, தனி அலைச்சல். சரணாலயத்துக்குள் போகத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி, தோட்டங்களுக்கு உரிமையாளர்களின் சம்மதம். இரண்டும் எந்த நிலையில் இருக்கிறது என்று விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

அப்புறம் வெளிநாட்டுப் பணம். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லை என்று கல்லூரி அலுவலகம் கையை விரித்துவிட்டது. முன்பெல்லாம் பதிவுள்ள அமைப்பு ஒன்று வாங்கி, பதிவுள்ள இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றும். 2020 திருத்தம் அந்த வழியையும் அடைத்துவிட்டது. பதிவு பெற்றவர்களுக்குக்கூட பணம் முதலில் புது தில்லி ஸ்டேட் பேங்க் பிரதான கிளைக்குத்தான் வர வேண்டும். தனி மாணவர் வாங்கினால் உதவித்தொகைக் கணக்கில் சேருமா? ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பணம் வந்த பிறகு கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆகஸ்ட் 3

ஆடிட்டர் பதில் வந்தது. நிதி தருபவரின் கடிதத்தில் என்ன வாசகம் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அதை அவர்களிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

சாயங்காலம் அண்ணனிடம் அடுத்த வருஷ அட்டவணையைப் படித்துக் காட்டினேன். “ஐப்பசியில கரிசக்காட்டுல கால் வைக்க முடியாதும்மா, தையில ஆரம்பி” என்றார். நடையைத் தைக்குத் தள்ளி, மழை மாதங்களில் வேலிக் கன்று நடவும் ஊர்க் கூட்டங்களும் வைத்தேன். பரிந்துரைக் கடிதம் ஒன்று பாக்கி. நாளை அந்தப் பேராசிரியருக்கு மறுபடி போன் போட வேண்டும்.