வேப்பேரியிலிருந்து செங்குன்றம் வரை: எழ முடியாத மாடுகளின் வீடுகள்

எழ முடியாத மாடுகளை வைத்துப் பார்க்கும் காப்பகங்களுக்குப் போக, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வாசலிலிருந்து கிளம்புவது நல்லது. 1903-இல் தொடங்கிய கல்லூரி. தெருமாட்டின் இடது விலாவுக்குப் பின்னால் கீறி, இரைப்பையிலிருந்து பாலிதீன் பைகளைக் கிலோக்கணக்கில் கையால் அள்ளும் அறுவைச் சிகிச்சை இங்கே பழகிய வேலை. தையல் பிரித்ததும் அந்த மாடு நடந்துவிடும். இடுப்பெலும்பு நொறுங்கிய மாடு நடக்காது. பத்து, பதினைந்து வருஷம் அதை யார் வைத்துப் பார்ப்பது?

ஓட்டேரியைத் தாண்டி, கொன்னூர் நெடுஞ்சாலையில் அயனாவரத்தில் இருக்கும் மெட்ராஸ் பிஞ்சரபோல் (முதிய, ஊனமுற்ற கால்நடைகளின் காப்பகம்) நூறாண்டு கடந்த இடம். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவிலேயே 'பிஞ்சரபோல்' என்ற சொல் வருகிறது. வதைபட்ட விலங்கை அங்கே அனுப்பி வைக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு.

இங்கே ஆகட்டும், செங்குன்றம் பக்கத்துக் காப்பகங்களில் ஆகட்டும், உள்ளே போனதும் முதலில் தரையைப் பாருங்கள். படுத்துவிட்ட மாட்டுக்கு சிமென்ட் தரைதான் எமன். முந்நூறு, நானூறு கிலோ எடை ஒரே தொடையில் ஐந்தாறு மணி நேரம் அழுத்தினால் ரத்த ஓட்டம் நின்று சதை செத்துப்போகும். முதல் நாள் எழக்கூடிய மாடு மூன்றாம் நாள் எழாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். அதனால் முக்கால் அடி ஆழத்துக்கு மணல், அதன்மேல் வைக்கோல். மணலில் ஜல்லித்துண்டு கிடந்தால் தோல் கிழியும், சலித்தே போட வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும், பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இரண்டு பேர் போதாது, மூன்று பேர் வேண்டும். வாலைப் பிடித்து இழுக்கவே கூடாது.

மாடு நெஞ்சை ஊன்றி நிமிர்ந்து படுத்திருக்க வேண்டும். ஒருக்களித்துச் சாய்ந்தால் ஏப்பம் வெளியேறாமல் வயிறு உப்பி, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். சாயாமல் இருக்க வைக்கோல் கட்டுகளால் முட்டுக் கொடுப்பார்கள்.

படுக்கைப்புண் முழங்காலிலும் இடுப்பு முனையிலும்தான் முதலில் வரும். மூத்திர ஈரம் பட்டால் ஈ மொய்க்கும், மறுநாளே புழு வைக்கும். டர்பன்டைன் நனைத்த பஞ்சை வைத்து, வெளியே வரும் புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி போட வேண்டும். கார்த்திகை மழையில் இந்த வேலை இரட்டிப்பாகும்.

மூன்று கால் ஆடுகளின் கதை வேறு. ஆட்டின் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் முன்னங்கால்களில் விழும். பின்னங்கால் போன ஆடு துள்ளித் திரியும். முன்னங்கால் போனது சீக்கிரம் களைத்துவிடும், மிச்சமிருக்கும் குளம்பும் கோணலாக வளரும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவியே ஆக வேண்டும். சக்கர வண்டி கட்டினால் முதலில் கால் மணி நேரம் போதும். வண்டியில் நின்றபடியே விட்டுவிட்டால் அது படுத்து அசைபோட முடியாது.

மாடுகளுக்குச் செயற்கைக் கால் உண்டா என்று கேட்பவர்களுக்கு: உண்டு. ஜெய்ப்பூரில் டாக்டர் தபேஷ் மாத்தூர் உருவாக்கிய 'கிருஷ்ணா லிம்ப்' அதற்குச் சான்று. சென்னைப் புழுக்கத்தில் உறைக்குள் வியர்த்துத் தோல் ஊறும். தினமும் கழற்றி, மிச்சமிருக்கும் காலைத் துடைத்துக் காயவிட வேண்டும்.

போகிறவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். மாட்டுப் பொங்கல், அமாவாசை நாட்களில் வாளி வாளியாகச் சோறும் பொங்கலும் கொண்டுபோய் ஊட்டுகிறார்கள். நடமாட்டம் இல்லாத மாட்டுக்கு அது விஷம் மாதிரி. வயிறு புளித்து, குளம்பு வீங்கி, பாவம், இருக்கிற காலும் போய்விடும். அகத்திக்கீரையும் அளவோடுதான். அதிகம் தேவைப்படுவது வைக்கோல், அதுவும் பூசணம் பிடிக்காத, மழையில் நனையாத கட்டு. வழியில் அடிபட்ட மாட்டைப் பார்த்தால் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்குப் போன் போடுங்கள். வண்டி வரும்வரை அதை நிமிர்த்தி உட்கார வைத்து, கழுத்துக் கயிற்றைத் தளர்த்திவிடுங்கள்.