ஆர்க்கிட், எட்டாம் மாதம்: பூ கேட்டேன், கன்று வந்தது

குறிப்பு எழுத ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. இதுவரை பூத்தது: பூஜ்யம்.

ஃபலனாப்சிஸ் வகை ஆர்க்கிட். என்னிடம் வரும்போதே பூவோடுதான் வந்தது. பூ உதிர்ந்ததும் மறுபடி எப்போது என்ற தவிப்பு பிடித்துக்கொண்டது. அதே சமயத்தில்தான் ஒரு வேலை மாற்றத்துக்காகவும் ஜெபித்துக்கொண்டிருந்தேன். ஜெபம் என்று பேர்தானே தவிர, ஆண்டவருக்கு நான் போட்டுக் கொடுத்த அட்டவணை அது. இந்த மாதத்துக்குள் நேர்காணல், அடுத்த மாதம் கடிதம், அதற்கடுத்த மாதம் நன்றி சொல்வது. நன்றிக்குக்கூட நானே தேதி குறித்திருந்தேன்.

முதல் இரண்டு மாதம் செடிக்கும் அதே வைத்தியம்தான். நாள்காட்டியைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினேன், வேரைப் பார்க்கவில்லை. காய்ந்திருந்தால் வேர் வெள்ளி சாம்பல் நிறத்தில் இருக்கும், நனைந்தால் பச்சையாகும். தொட்டியே கண்ணாடி மாதிரி தெளிவானது, எட்டிப் பார்த்தால் போதும். பார்க்கவில்லை. ஒருநாள் செடியை வெளியே எடுத்து ஒரு வேரை விரலால் உருவினால், மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்துவிட்டது. உள்ளே நூல் மட்டும். அப்படி மூன்று வேர்கள். வெட்டி எறிந்துவிட்டு, புது மரப்பட்டைத் துண்டுகளில் மாற்றி வைத்தேன்.

அப்புறம்தான் படித்தேன். இந்த வகை பூந்தண்டு விட வேண்டுமானால் சில வாரங்களாவது வெப்பம் சுமார் 26 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். 28-ஐத் தாண்டியே இருந்தால் இலை விடுமே தவிர பூக்காது. அப்போது நல்ல வெயில் காலம். பருவம் மாறும்வரை நான் செய்ய ஒன்றுமில்லை என்று அர்த்தம். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால் ஹார்மோன் பசை வாங்கினேன். சைட்டோகைனின் என்ற தாவர ஹார்மோன் கலந்தது. பழைய பூந்தண்டின் கணுவை மூடியிருக்கும் செதிலை ஊசியால் மெல்ல உரித்து, கடுகளவு பசையைத் தடவ வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். ஏழாவது வாரம் கணு புடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் பத்து நாளில் புடைப்பு பிளந்து, கையைக் கூப்பின மாதிரி இரண்டு சின்ன இலைகள் வந்தன. பூந்தண்டு இல்லை, கன்று. வெப்பத்தில் அந்தப் பசை பெரும்பாலும் அதைத்தான் தருமாம். இந்தக் கன்றுக்கு ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கீக்கி’. ஹவாய் மொழியில் குழந்தை என்று பொருள்.

குழந்தை என்று வாசித்ததும் பைபிளில் வரும் ஆகார் ஞாபகம் வந்தாள், ஆபிரகாமின் மனைவி சாராளின் வேலைக்காரி. சந்ததி பெருகும் என்ற ஆண்டவருடைய வாக்குத்தத்தத்தை நம்பி ஆபிரகாம் புறப்பட்டபோது வயது 75. கானானில் பத்து வருஷம் காத்திருந்தும் பிள்ளை இல்லை, ஆகார் மூலம் பெற்றுக்கொள்ளலாம் என்று சாராள் ஒரு யோசனை சொல்ல, 86-இல் இஸ்மவேல் பிறந்தான். வாக்குப்படி சாராளுக்கே ஈசாக்கு பிறந்தது 100-இல். இந்தக் கதையில் என்னை உறுத்துவது அவர்களுடைய அவசரம் இல்லை, அந்த யோசனை பலித்ததுதான். பலிக்காமல் போயிருந்தால் உடனே புத்தி வந்திருக்கும். பிள்ளை கையில் தவழும்போது இதுதான் அது என்று தோன்றாதா? 99 வயதில்கூட, இஸ்மவேல் உமக்கு முன்பாகப் பிழைத்திருந்தால் போதுமே என்றுதான் ஆபிரகாம் கேட்கிறார். நானும் கீக்கியைப் படம் எடுத்து, ‘வெற்றி’ என்று தலைப்புப் போட்டு வைத்திருக்கிறேன். அது தாய்ச் செடியின் சத்தை உறிஞ்சித்தான் வளர்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

வேலை விஷயம் சுருக்கமாக: இந்த வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று நானே நெருக்கினேன். சொன்னார்கள். இல்லை என்று. பொறுத்திருந்தால் கிடைத்திருக்குமா, அதற்கு என்னிடம் பதில் இல்லை. நெருக்கியது நான், அவ்வளவுதான்.

இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலின் கதையை முன்பெல்லாம் வேகமாகக் கடந்துவிடுவேன். இப்போது முடியவில்லை. தான் வந்து பலி செலுத்துவதாகத் தீர்க்கதரிசி சாமுவேல் குறித்த ஏழு நாளும் சவுல் கில்காலில் காத்திருக்கத்தான் செய்தார். ஜனங்கள் சிதறிப் போகப் போக, பொறுக்காமல் பலியைத் தானே செலுத்தினார். செலுத்தி முடிக்கவும் சாமுவேல் வந்து நிற்கிறார். நானும் அந்த ஏழாம் நாள் ஆசாமிதான். ஆறு நாள் நன்றாகவே இருப்பேன்.

கடந்த மூன்று மாதமாக வேலை குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. காலையில் வேரைப் பார்ப்பது, சாம்பல் நிறமானால் மட்டும் தண்ணீர், பாட்டிலில் போட்டிருப்பதில் கால் பங்கு உரம், நேர் வெயில் படாத ஜன்னல். பசை டப்பா இழுப்பறையின் அடியில் கிடக்கிறது. ஜெபத்தில் தேதிகளை நிறுத்திவிட்டேன். ‘இன்றைக்கு நான் செய்ய வேண்டியது என்ன’ என்பதோடு முடித்துக்கொள்கிறேன். இரண்டு நாள் நன்றாகப் போகும். மூன்றாம் நாள் பழைய அட்டவணை தலை தூக்கும். அதையும் இந்த நோட்டில் குறித்து வைக்கிறேன், நான்கு முறை ஆகிவிட்டது.

கீக்கியைக் கிள்ளி எறிய மனசு வரவில்லை. இஸ்மவேலையும் ஆண்டவர் ஆசீர்வதித்தார் இல்லையா. இரண்டு வேர் விட்டிருக்கிறது, நீளமானது நான்கு சென்டிமீட்டர். இன்னும் கொஞ்சம் நீண்டதும் தனித் தொட்டிக்கு மாற்றுவேன்.

இன்றைய நிலவரம்: இரவு குளிர ஆரம்பித்து மூன்று வாரம். இரண்டாம் இலைக்கும் மூன்றாம் இலைக்கும் நடுவில் பச்சையாக ஒரு முனை எட்டிப் பார்க்கிறது. அரிசி அளவு. முனை உருண்டு வழவழப்பாக இருந்தால் வேர், கையுறை மாதிரி ஒரு பக்கம் மடிப்பு தெரிந்தால் பூந்தண்டு. டார்ச் அடித்துப் பார்த்தேன், தெரியவில்லை. நகத்தால் லேசாக விலக்கினால் தெரிந்துவிடும்.

டார்ச்சை அணைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த குறிப்பு இரண்டு வாரம் கழித்து.