சூப்பர் கம்ப்யூட்டர் வாங்குமுன்: கணக்கீட்டு அறிவியலுக்கு ஒரு தனித் துறை

அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம், கணக்கீட்டு அறிவியல் மற்றும் பொறியியலுக்கென 2005இல் ஒரு பிரிவைத் தொடங்கியது. 2010இல் அது ‘ஸ்கூல்’ ஆனது. நம்மூர்க் கணக்கில் ஒரு முழுத் துறை. (கவுன்சலிங்கில் அடித்துப் பிடித்து வாங்கும் சிஎஸ்இ இது இல்லை. காற்றோட்டம், புரதம், வானிலை போன்றவற்றைச் சமன்பாடாக்கிப் பெரிய கணினிகளில் தீர்க்கும் துறை.) முதல் தலைவர் ரிச்சர்ட் ஃபூஜிமோட்டோ. ஒரே சிமுலேஷனை (நிஜத்தைக் கணினியில் போலச் செய்து பார்ப்பதை) பல கணினிகளுக்குப் பங்கிட்டு ஓட்டும் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர்.

பிரிவாக இருந்தாலும் வகுப்பு நடக்கும், ஆராய்ச்சியும் நடக்கும். துறையானால் கூடுதலாகக் கிடைப்பது அதிகாரம்: சொந்தமாக ஆளெடுக்கலாம், பதவி உயர்வுக்குத் தானே பரிந்துரைக்கலாம், மற்றத் துறைத் தலைவர்களோடு சமமாக உட்கார்ந்து பட்ஜெட் கேட்கலாம். இந்த மூன்றும் கைக்கு வராமல் கட்டடம் திறப்பதில் பயனில்லை.

விமான இறக்கையைச் சுற்றிய காற்றோட்டத்தைக் கணக்கிட ஐம்பதாயிரம் வரியில் ஒருவர் கோட் எழுதுகிறார், மூன்று ஆய்வகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். விமானப் பொறியியல் துறையின் பதவி உயர்வுக் குழு, “இதில் புது இயற்பியல் எங்கே?” என்று கேட்கும். கணினித் துறையிலோ, “புது அல்காரிதம் எங்கே?” என்பார்கள். அந்தக் கோடுக்கு இரண்டு படிவத்திலும் கட்டம் கிடையாது. இப்படிப்பட்டவர்களை மதிப்பிடத் தெரிந்த குழு ஒன்று வேண்டும் என்பதுதான் தனித் துறைக்கான முதல் நியாயம்.

ஆரம்பத்தில் கைக்காசு குறைவு என்பதால் இப்படித் துறை தொடங்கும் பலரும் கூட்டு நியமனத்தில் இறங்குவார்கள்: பாதிச் சம்பளம் இங்கே, பாதி அங்கே. காகிதத்தில் ஐம்பது-ஐம்பது, நடைமுறையில் இரண்டு துறையும் முக்கால் பங்கு வேலையை எதிர்பார்க்கும். இதில் சிக்கிச் சிதைவது இளம் உதவிப் பேராசிரியர்கள். பதவி உயர்வை முடிவு செய்யும் தாய்த்துறை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், மற்றது கருத்து மட்டும் சொல்லட்டும். பாட எண்ணிக்கை, திட்ட நிதியில் வரும் மேல்செலவுத் தொகையின் (ஓவர்ஹெட்) பங்கு, பிஎச்டி மாணவர் இடம் ஆகிய மூன்றையும் சேருமுன்பே கடிதத்தில் எழுதி இரு தலைவர்களும் கையெழுத்திட வேண்டும். வாய்மொழி உறுதி அடுத்த தலைவர் வந்ததும் காற்றில் போய்விடும்.

வேறு வழியும் உண்டு. ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணக்கீட்டு நிறுவனம் 1993இல் சிறிதாகத் தொடங்கி, 2003இல் விரிந்து, 2019இல் ஓடன் இன்ஸ்டிடியூட் என்று பெயர் மாறியது. அங்கே பேராசிரியர்களின் பதவி அவரவர் துறையிலேயே. நிறுவனம் பட்டப்படிப்பையும் இடத்தையும் கவனிக்கிறது. இது ஓடுவதற்குக் காரணம், நன்கொடையில் உருவான பேராசிரியர் பதவிகள் அந்நிறுவனத்தின் கையில் இருப்பது. அந்த வசதி இல்லாதவர்கள் இதைப் பார்த்துச் செய்தால், கூட்டத்துக்கு மட்டும் ஆள் வரும் மையமாகத்தான் முடியும் என்பது எங்கள் கணிப்பு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) சூப்பர் கம்ப்யூட்டர் மையம் இயந்திரச் சேவையையும் ஆராய்ச்சியையும் சேர்த்தே பார்த்துவந்தது. 2015இல் கணக்கீடு மற்றும் தரவு அறிவியல் தனித் துறையானது. பாஸ்வேர்ட் மாற்றித் தருவதும் பிஎச்டிக்கு வழிகாட்டுவதும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டாவது வேலைதான் தள்ளிப்போகும். பிரித்தது சரி.

பாடத்திட்டத்தில் ஜார்ஜியா டெக் தேர்ந்த ஐந்து மையப் பாடங்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: எண்சார் நேரியல் இயற்கணிதம் (பெரிய சமன்பாட்டுத் தொகுதிகளைக் கணினியில் தீர்க்கும் கணிதம்), அல்காரிதம், மாடலிங் மற்றும் சிமுலேஷன், மெஷின் லேர்னிங் உள்ளிட்ட தரவுப் பகுப்பாய்வு, உயர்திறன் கணிப்பு (ஒரே வேலையைப் பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓட்டுவது; கோர் என்பது கணினிச் சிப்பில் உள்ள ஒரு கணக்கிடும் அலகு). பட்டப்படிப்பு பல துறைகளுக்கும் பொது. மாணவர் கணிதத்திலோ உயிரியலிலோ விமானப் பொறியியலிலோ சேர்ந்திருக்கலாம். மையப் பாடம் எல்லோருக்கும் ஒன்றே.

முதலாவதை ஏன் தவிர்க்க முடியாது என்பதற்கு ஒரு கணக்கு. பத்து லட்சம் மாறிகள் கொண்ட முப்பரிமாண வெப்பப் பரவல் சமன்பாட்டை முழு அணியாக (மேட்ரிக்ஸ்) சேமித்தால், எண்ணுக்கு 8 பைட் வீதம் 8 டெராபைட் நினைவகம் வேண்டும். ஆனால் ஒரு வரிசையில் பூஜ்யம் அல்லாதவை ஏழே எண்கள். அவற்றை மட்டும் வைத்தால் 100 மெகாபைட்டுக்குள் அடங்கி, சாதாரண லேப்டாப்பிலேயே தீர்ந்துவிடும். இது தெரியாத மாணவர் பெரிய கணினி கேட்டு மனுப் போடுவார்.

உயர்திறன் கணிப்பில் மாணவர்கள் தடுமாறுவது இரண்டு இடங்களில். வேலையில் 5 சதவீதம் வரிசையாகத்தான் நடக்கும் என்றால், ஆயிரம் கோர் கொடுத்தாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. அடுத்தது, ஒரே கூட்டலை 32 துண்டாகவும் 64 துண்டாகவும் பிரித்துச் செய்தால் கடைசி இலக்கங்கள் வேறுபடும். தசம எண்களைக் கணினி கூட்டும் வரிசை மாறினால் விடையும் கொஞ்சம் மாறும். கோடில் பிழை என்று நினைத்து வாரக்கணக்கில் தேடுவார்கள். விடை எவ்வளவு வேறுபடலாம் என்ற எல்லையை முதலிலேயே குறித்துச் சோதிக்கக் கற்றுக்கொடுங்கள்.

இயந்திரம் கடைசியில்தான். 2010இல், அதாவது துறை உருவான அதே ஆண்டில், ஜார்ஜியா டெக் தலைமையிலான குழு உயர்திறன் கணிப்புச் சாதனைகளுக்கான கார்டன் பெல் பரிசை வாங்கியது. 26 கோடி ரத்தச் சிவப்பணுக்கள் நெளிந்து ஓடுவதைச் சுமார் 2 லட்சம் கோர்களில், 0.7 பெட்டாஃப்ளாப்ஸ் (நொடிக்கு ஏழு கோடி கோடி கணக்கு) வேகத்தில் கணக்கிட்டார்கள். ஓடிய இயந்திரம் டென்னசியில் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் ஜாகுவார் என்ற சூப்பர் கம்ப்யூட்டர். வளாகத்தில் தேவைப்படுவது கோட் எழுதிப் பழகவும் சோதிக்கவும் போதுமான கிளஸ்டர் (ஒன்றாக இணைத்த பல கணினிகள்). பெரிய ஓட்டத்துக்கு வெளியே நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

அந்தச் சிறு கிளஸ்டரும் தின்னும். 750 வாட் வீதம் 40 நோடு (கிளஸ்டரில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு) என்றால் 30 கிலோவாட். குளிரூட்டலுக்கு இன்னொரு பாதியைச் சேர்த்தால், ஆண்டு முழுக்க ஓடினால் ஏறத்தாழ 3.9 லட்சம் யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 31 லட்சத்துக்கு மேல், அதுவும் ஆண்டுதோறும். வாங்கும் பணம் திட்ட நிதியிலிருந்து வந்துவிடும். இந்த பில்லுக்கு பட்ஜெட் தலைப்பு எது என்று நிதி அலுவலரிடம் எழுத்தில் வாங்குங்கள். என்விடியாவின் எட்டு எச்100 ஜிபியு (ஒரே நேரத்தில் பல கணக்கு போடும் சிப்) கொண்ட டிஜிஎக்ஸ் சர்வர் பெட்டி ஒன்றே உச்சத்தில் 10.2 கிலோவாட் இழுக்கும். அந்தச் சூட்டை எடுக்க மூன்று டன் ஏசி தேவை. வீட்டு ஸ்பிளிட் ஏசியை மாட்டினால் இரவுபகல் ஓட்டத்தில் கம்ப்ரசர் போகும், வடிநீர் ரேக் மேல் சொட்டும். இன்னொரு பொறி: யூபிஎஸ் சர்வரைத் தாங்கும், ஏசியைத் தாங்காது. கரண்ட் போன சில நிமிடங்களில் அறை அடுப்பாகும். ஆகவே வெப்பமானி ஒரு எல்லையைத் தாண்டினால் நோடுகள் தாமாக அணையும் ஸ்கிரிப்டை முதல் நாளே எழுதி, மெயினை நிஜமாகவே அணைத்துச் சோதித்துப் பாருங்கள்.

ஆட்களில், கிளஸ்டருக்குக் குறைந்தது இரண்டு நிர்வாகிகளும் ஆராய்ச்சி நிரல்களைப் பராமரிக்க ஒரு மென்பொருள் பொறியாளரும் நிரந்தரப் பணியிடத்தில் வேண்டும். ஒரே நிர்வாகி என்றால் அவர் விடுப்பில் போகும் நாளில்தான் டிஸ்க் நிரம்பும். இந்த வேலையைப் பிஎச்டி மாணவர் தலையில் கட்டினால், அவர் பட்டம் வாங்கிப் போகும்போது ரூட் பாஸ்வேர்டோடு (முழு அதிகாரம் தரும் நிர்வாகி பாஸ்வேர்ட்) பாதி அமைப்பும் கூடவே போய்விடும்.